ஒல்லி மரமும் உயரமான ஜன்னலும்: சிங்கப்பூர்த் தரைவீட்டில் உயிர்வேலி வைப்பது எப்படி

பக்கத்து மனையில் இருந்த பழைய வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பினார்கள். சாரத்தைப் பிரித்த அன்றுதான் எனக்கு உறைத்தது. நான் துளசிக்குத் தண்ணீர் ஊற்றும் இடம், அத்தை காலையில் காப்பியோடு உட்காரும் பெஞ்சு, துணிக்கொடி எல்லாமே இரண்டு வரிசை ஜன்னலுக்கு நேர் கீழே. அவர்கள் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அவர்கள் வீட்டு ஜன்னலை அவர்கள் திறக்கிறார்கள். ஆனால் நைட்டியோடு பின்பக்கம் போகவே யோசிக்கும் நிலைமை வந்துவிட்டது.

சுவரை உயர்த்தலாமா என்று விசாரித்தேன். எல்லைச் சுவருக்கு நகர மறுசீரமைப்பு ஆணையம் அனுமதிக்கும் உயரம் 1.8 மீட்டர். அது எங்களுக்கு ஏற்கெனவே இருந்தது. அத்தை மட்டும், “ஊர்ல இருந்தா கிளுவைக் குச்சிய ஊனி ஆறு மாசத்துல வேலி ஆக்கிருப்பேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதிலிருந்துதான் மரம் வைக்கும் எண்ணம் வந்தது.

அடுத்த இரண்டு வருடத்தில் எதையெல்லாம் தப்பாகச் செய்ய முடியுமோ அத்தனையும் செய்தோம். செத்துப்போன மரம், பிடுங்கிய மரம், அடைத்துக்கொண்ட சாக்கடை எல்லாம் சேர்த்து 3,400 வெள்ளி வீண். உங்களுக்கு அந்தச் செலவு வரக்கூடாது என்பதற்காக, நாங்கள் செய்த வரிசையில் இல்லாமல், செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகுமுன் மூங்கில் கழியை எடுங்கள்

எல்லோரும் முதலில் கேட்பது “எந்த மரம்?” என்றுதான். அதற்கு முன்னால் எவ்வளவு உயரம், எந்த இடம் என்று தெரியவேண்டும். இதற்கு ஒரு சனிக்கிழமை காலை போதும், காசு செலவில்லை.

துணி காயப்போடும் மூங்கில் கழியின் நுனியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டுங்கள். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒருவர் உட்காரட்டும். இன்னொருவர் மரம் வரப்போகும் இடத்தில் கழியைத் தூக்கிப் பிடிக்கட்டும். உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கும் எதிர் ஜன்னலுக்கும் நடுவில் துணி எந்த உயரத்தில் மறைக்கிறது என்று பாருங்கள். மரத்துக்கு வேண்டிய உயரம் அதுதான்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன், அப்போது புரியும். பெஞ்சில் உட்கார்ந்தால் தலை 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். எதிர் வீட்டு ஜன்னல் பெஞ்சிலிருந்து 9 மீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டாம் மாடியில் நிற்பவர் கண் ஏறக்குறைய 5 மீட்டர் உயரத்தில், மூன்றாம் மாடியில் 8 மீட்டர். எல்லைச் சுவர் பெஞ்சிலிருந்து நாலரை மீட்டர், அதாவது சரிபாதி தூரம். சுவரோரம் மரம் வைத்தால் இரண்டாம் மாடியை மறைக்க 3.1 மீட்டர் போதும். மூன்றாம் மாடிக்கு 4.6 மீட்டர் வேண்டும். அதே மரத்தைப் பெஞ்சுக்கு ஒன்றரை மீட்டர் பக்கத்தில் வைத்தால், மூன்றாம் மாடியை மறைக்க 2.3 மீட்டர் உயரமே போதும்!

உங்களுக்கு நெருக்கமாக வைக்கும் மரம் குட்டையாக இருக்கலாம். இது தெரியாமல் நாங்கள் சுவர் முழுக்க ஐந்து மீட்டர் மரம் தேடி அலைந்தோம். ஐந்து மீட்டர் மரம் வாங்கவும் செலவு, வெட்ட ஏணி வைத்து ஆள் ஏற்றவும் செலவு. இப்போது சுவரோரம் மூன்று மீட்டர் வேலி ஒன்றும், பெஞ்சுப் பக்கம் தொட்டியில் மூன்று குட்டை மரங்களும் இருக்கின்றன. இரண்டுமே என் வீட்டுக்காரர் தரையில் நின்று நீளப்பிடிக் கத்தரிக்கோலால் எட்டும் உயரம்.

அண்டை வீட்டாரோடு பேச்சுவார்த்தை இருந்தால் இன்னும் சுலபம். அவர்கள் ஜன்னலிலிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அங்கிள் எடுத்து அனுப்பிய படத்தில் பெஞ்சு மட்டுமல்ல, எங்கள் அடுப்பங்கரை மேடையும் அதன்மேல் கிடந்த ஊறுகாய் ஜாடியும் தெரிந்தன. அதுவரை அந்தக் கோணம் எங்களுக்குத் தோன்றவே இல்லை.

வெயிலையும் அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகை வடக்கில். ஆண்டின் நடுவில் வெயில் வடக்குப் பக்கமாகச் சாயும், ஆண்டுக் கடைசியில் தெற்குப் பக்கமாகச் சாயும். வீட்டுக்கு வடக்கே மூன்று மாடி நிழலில் இருக்கும் சந்து ஜூனில் வெயிலாக இருந்தது என்பதற்காக டிசம்பரிலும் அப்படியே இருக்கும் என்று நம்பாதீர்கள்.

2. மண்ணுக்கடியில் என்ன ஓடுகிறது?

நான் அழுத இடம் இது.

முதலில் எல்லை. வீடு வாங்கியபோது வழக்கறிஞர் கொடுத்த கோப்பில் மனை வரைபடம் இருக்கும், அதை எடுத்து வையுங்கள். ஒன்மேப் தளத்திலும் மனை எல்லைக்கோடு தெரியும், இலவசம். சுவர் எங்கே இருக்கிறதோ அதுதான் எல்லை என்று நினைக்கவேண்டாம். பழைய பேட்டைகளில் சுவரும் கோடும் சில இடங்களில் ஒத்துப்போகாது. தகராறு வரும் போலிருந்தால் மட்டும் பதிவுபெற்ற நில அளவையாளரைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது கழிவுநீர்க் குழாய். வரிசை வீடுகளில் குழாய் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ மனைக்குள்ளேயே போகும். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கழிவுநீர்க் குழாய் வரைபடத்தை இணையத்தில் கட்டணம் கட்டி வாங்கலாம். வடிகால் வரைபடம் தனி. இரண்டையும் கேளுங்கள். வரைபடம் வருமுன்பே ஒரு காரியம் செய்யலாம். மேன்ஹோல் மூடிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்து, இரண்டு மூடிக்கும் நடுவில் ஒரு சாக்கட்டிக் கோடு போடுங்கள். பெரும்பாலும் குழாய் அந்தக் கோட்டில்தான் போகும்.

நாங்கள் இதைச் செய்யாமல் நெட்டிலிங்கத்தை வரிசையாக நட்டுவிட்டோம். ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறைத் தண்ணீர் இறங்க மறுத்தது. குழாய்க்காரர் நீளக் கம்பியை விட்டு இழுத்தபோது, பெண்பிள்ளைகள் ஜடை மாதிரிப் பின்னிய வேர் ஒன்று முழங்கை நீளத்துக்கு வந்தது. பழைய மண்குழாய்களின் இணைப்பில் மயிரிழை அளவு ஈரம் கசிந்தாலே வேர் தேடிக்கொண்டு போய்விடுமாம். அடைப்பெடுக்க 380 வெள்ளி. குழாய்க்கு மேலே இருந்த ஆறு மரங்களைப் பிடுங்கியது தனிச்செலவு.

குழாய்க் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் விட்டுவிடுங்கள். இடமே இல்லையென்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் தொட்டி. மேன்ஹோல் மூடிமேல் தொட்டி வைக்காதீர்கள். திறக்கவேண்டிய நாளில் 80 கிலோத் தொட்டியை யார் தூக்குவது?

3. யாரிடம் அனுமதி கேட்கவேண்டும்?

சொந்தத் தரைவீட்டுக்குள் புதிதாக மரம் நட யாரிடமும் போய் நிற்கவேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் பெரிய மரத்தை வெட்டிவிட்டு நடுவதாக இருந்தால் நில்லுங்கள். மரப் பாதுகாப்பு வட்டாரங்கள் என்று இரண்டு இருக்கின்றன. ஒன்று தீவின் மத்தியிலும் அதற்குத் தெற்கிலும், இன்னொன்று சாங்கிப் பக்கம். அந்த வட்டாரங்களில், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளந்து சுற்றளவு 1 மீட்டருக்கு மேல் இருக்கும் மரத்தை வெட்ட தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். சொந்த நிலத்து மரமாக இருந்தாலும் வேண்டும். மீறினால் அபராதம் 50,000 வெள்ளி வரை போகலாம்.

வாசலுக்கு வெளியே, வடிகாலுக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் புல்தரை உங்களுடையது அல்ல. “சும்மாதானே கிடக்கிறது” என்று அங்கே நடாதீர்கள்.

கூட்டுரிமை (காண்டோமினியம்) வீட்டின் தரைத்தளத்தில் இருப்பவர்கள் நிர்வாக அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதோடு ஒரு கேள்வியும் கேளுங்கள்: “இங்கே மண் எவ்வளவு ஆழம்? அடியில் கார் நிறுத்துமிடமா?” பல இடங்களில் புல்லுக்கு அடியில் கொஞ்சம் மண், அதற்கும் அடியில் கான்கிரீட் தளமும் நீர்த்தடுப்புப் பூச்சும்தான். அங்கே மண்ணில் மரம் நட்டால் பூச்சு கெடும். நீர் கீழே ஒழுகினால் பில் உங்களுக்கு வரும். என் தோழி இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எல்லாவற்றையும் தொட்டியில்தான் வைத்தாள்.

அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரமா? நடைபாதையில் 1.2 மீட்டர் தடையில்லாமல் இருக்கவேண்டும், கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி கூடாது. உயரமான மரத்துக்கு அங்கே இடமில்லை. ஜன்னலோரம் இரண்டு ஒல்லித் தொட்டிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. எந்த மரம்?

இணையத்தில் தேடினால் முதலில் வருவது குளிர்நாட்டுப் பட்டியல்தான். எமரால்டு கிரீன் தூஜா, லேலண்ட் சைப்ரஸ், இத்தாலிய சைப்ரஸ் என்று பென்சில் மாதிரி நிற்கும் மரங்களின் படங்கள். மனசு மயங்கிவிடும். எனக்கும் மயங்கியது. 14 தூஜா, ஒன்று 38 வெள்ளி, மொத்தம் 532. மூன்றாம் மாதம் உள்பக்கம் பழுப்பானது. இலையைத் தட்டி வெள்ளைத் தாளில் விழவைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகச் சிலந்திப்பேன் ஓடியது. பழுத்ததை வெட்டினால் துளிர்க்கும் என்று நினைத்து வெட்டினேன். தூஜாவும் சைப்ரஸும் பச்சை இல்லாத பழைய கிளையிலிருந்து திரும்பத் துளிர்ப்பதில்லை. வெட்டிய ஓட்டை ஓட்டையாகவே நின்றது. அவை குளிர்காலம் பார்த்து வளர்ந்த மரங்கள். இங்கே நமக்கு வருடம் முழுக்க ஒரே புழுக்கம்.

இங்கே தாக்குப்பிடிக்கும் ஒல்லி மரங்களில் நான் வளர்த்தவை, பக்கத்தில் இருந்து பார்த்தவை இவை.

ரெட் லிப். நர்சரியில் இந்தப் பெயரைச் சொன்னால் போதும். தாவரப் பெயர் சிசீஜியம் மிர்ட்டிஃபோலியம். நம் நாவல் மரத்துக்குச் சொந்தக்காரன். கொழுந்து ஆரஞ்சும் சிவப்புமாக வந்து பிறகு பச்சையாகும். இந்த மண்ணுக்கே உரிய மரம். வெட்ட வெட்ட அடர்த்தியாகும், தரைவரை இலை இருக்கும். 60 சென்டிமீட்டர் தடிமனுக்குள் கட்டுப்படுத்தி வைக்கலாம். நல்ல வெயில் வேண்டும், நிழலில் கொழுந்தின் நிறமும் அடர்த்தியும் குறையும். எங்கள் சுவரோரம் இப்போது இதுதான். ஒரே ஒரு மரம்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதை வாங்குங்கள்.

நெட்டிலிங்கம். ஊரில் பள்ளிக்கூட வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் வரிசையாக நிற்குமே, அது. இங்கே பலர் ‘அசோகா’ என்று விற்கிறார்கள். உண்மையான அசோக மரம் வேறு, அது படர்ந்து வளரும், பூ ஆரஞ்சு. கிளை தொங்கி ஒல்லியாக நிற்கும் நெட்டிலிங்கத்தைப் பார்த்து வாங்குங்கள். அகலம் ஒன்றரை, இரண்டு மீட்டரைத் தாண்டாது, உயரம் பத்து மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். மூன்றாம் மாடியை மறைத்தே ஆகவேண்டும், சுவரோரம் தவிர இடமில்லை என்பவர்களுக்கு இதுதான் மரம். ஆனால் மூன்று விஷயம் தெரிந்திருக்கவேண்டும். உச்சியை வெட்டினால் வெட்டின இடத்தில் நாலைந்து தலை முளைத்து அழகு கெடும். காய்த்தால் பழந்தின்னி வௌவால் வரும், கார் மேலும் சுவர் மேலும் அதன் எச்சம் கறையாக நிற்கும். இலையில் ஓட்டை விழுந்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள், பச்சைப் புள்ளி போட்ட வால்வண்ணத்துப்பூச்சி ஒன்று முட்டையிடும் மரம் இது. புழு கொஞ்சம் தின்றுவிட்டுப் பறந்துபோகும். என் மகன் வாரக்கணக்கில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொடோகார்பஸ். ஊசியிலை மரத்து அழகு வேண்டும், குளிர்நாட்டு மரம் வேண்டாம் என்றால் இது. இதில் ஒரு வகை சிங்கப்பூர்க் கரையோரத்துக்கே உரியது. மெதுவாக வளரும், வெட்டினால் துளிர்க்கும், தொட்டியிலும் நிற்கும். விலைதான் கூட. மெதுவாக வளர்வதால் வேண்டிய உயரத்திலேயே வாங்கிவிடுங்கள், காத்திருக்கப் பொறுமை போதாது.

ஃபுகுகி. மங்குஸ்தான் குடும்பம், தடித்த இலை, கூம்பு மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஒக்கினாவாவில் புயல்காற்றுக்குத் தடுப்பாக வீட்டைச் சுற்றி வைப்பது இதைத்தான். ரொம்பவே மெதுவான மரம்.

மூங்கில். அடர்த்தி சீக்கிரம் வரும். கொத்தாக வளரும் இனமா, மண்ணுக்கடியில் ஓடும் இனமா என்று கேட்டு, கொத்து இனத்தை மட்டும் வாங்குங்கள். ஓடும் இனத்தை வைத்தால் அண்டை வீட்டுத் தரைக்கல்லுக்கு நடுவில் முளைக்கும். எந்த மூங்கிலும் நாள் முழுக்கச் சருகு கொட்டும். வடிகாலைத் தினமும் பெருக்க ஆள் இருந்தால் மட்டும் வையுங்கள்.

கெமுனிங் என்ற வெள்ளைப்பூச் செடியின் வாசனைக்கு மயங்கி வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எலுமிச்சையைத் தாக்கும் பச்சைமயமாதல் நோயைப் பரப்பும் பூச்சிக்குக் கெமுனிங் இஷ்டமான செடி, கறிவேப்பிலையும் அப்படித்தான். எலுமிச்சை வளர்ப்பவர் வீட்டில் கெமுனிங் வேலி வேண்டாம். ஆல், இச்சி வகை ஃபைகஸ் விலை மலிவு, வளர்ச்சி வேகம். வேர் வடிகாலைப் பிளக்கும், தொடாதீர்கள். அரளி ஊரில் அழகுதான், பிள்ளைகளும் நாயும் இருக்கும் வீட்டில் விஷச்செடி எதற்கு?

பெயர் தெரிந்த பிறகு ட்ரீஸ் டாட் எஸ்ஜி தளத்தைத் திறந்து உங்கள் வட்டாரத்தில் அந்த மரம் எங்கே நிற்கிறது என்று தேடிப்பாருங்கள். நடந்துபோய்ப் பக்கத்தில் நின்று பார்த்தால், நர்சரியில் இடுப்பளவு நிற்கும் குழந்தை வளர்ந்து என்னவாகும் என்று தெரிந்துவிடும்.

5. நர்சரியில்

சுங்கை தெங்கா, கிராஞ்சிப் பக்கம் நிறைய நர்சரிகள் இருக்கின்றன. வார நாளில் காலையில் போங்கள். சனி ஞாயிறில் கூட்டம், உங்களோடு நின்று பேச யாருக்கும் நேரம் இருக்காது. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய மாதம் போகவே வேண்டாம். எல்லோரும் குட்டி ஆரஞ்சுச் செடி விற்பதில் மும்முரமாக இருப்பார்கள், லாரி கிடைக்காது.

எனக்குச் செடி பார்க்கச் சொல்லிக்கொடுத்தது ஒரு நர்சரியில் வேலை செய்யும் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி. தமிழில் பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது. நான் இருப்பதிலேயே உயரமானதைக் காட்டினேன். “அக்கா, உயரத்தப் பாக்காதீங்க. தண்டப் புடிச்சு ஆட்டிப் பாருங்க. பை அசையாம தண்டு மட்டும் ஆடுச்சுன்னா விட்ருங்க, அது நேத்துதான் பை மாத்துனது” என்றார். பிறகு பையின் ஓரத்தைக் கொஞ்சம் உரித்துக் காட்டினார். ஒன்றில் வெளிர்நிற வேர் நாலாபக்கமும் பரவியிருந்தது. இன்னொன்றில் விரல் தடிமன் வேர் பைக்குள்ளேயே மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. இரண்டாவதை நட்டால் வேர் அந்தச் சுற்றிலேயே இறுகி, சில வருடத்தில் மரம் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும்.

தரைவரை இலை இருக்கிறதா என்றும் பாருங்கள். நெருக்கமாக வளர்த்த செடிகளுக்கு மேலே மட்டும் தலை இருக்கும், கீழே வெறும் குச்சி. மறைப்புக்கு அது உதவாது.

கூடுதலாக விற்கத்தான் கடைக்காரர் பார்ப்பார். “40 சென்டிமீட்டருக்கு ஒன்று வையுங்கள், உடனே அடர்த்தி” என்று சொன்னார்கள், நம்பினேன். மூச்சுவிட இடமில்லாமல் நடுவில் நின்றவை காய்ந்தன. ரெட் லிப்புக்கு 80 சென்டிமீட்டர், நெட்டிலிங்கத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல். எங்கள் 9 மீட்டர்ச் சுவருக்கு 11 மரம் சரியாக வந்தது, இரண்டு முனையிலும் அரை மீட்டர் விட்டு. சுவரிலிருந்து 60 சென்டிமீட்டராவது தள்ளி நடுங்கள். இல்லையென்றால் பின்பக்கம் கத்தரிக்கோல் நுழையாது.

ஜோகூரில் விலை குறைவு என்று தொகையாக வாங்கிவர நினைக்காதீர்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் வந்தால் சோதனைச்சாவடியிலேயே போய்விடும்.

6. என் பில்

மூன்றாவது முறை, அதாவது சரியாக வந்த முறை, ஆன செலவு:

ரெட் லிப் 11, ஒன்று 45 வெள்ளி வீதம் 495. பொடோகார்பஸ் 3, ஒன்று 120 வீதம் 360. மண் 18 மூட்டை 126. இரண்டு ஆள் ஒரு நாள் கூலி 360. தோண்டிய களிமண்ணையும் பழைய வேரையும் ஏற்றிப்போக 150. கூட்டினால் 1,491. ஜிஎஸ்டி 9 விழுக்காடு சேர்த்து 1,625 வெள்ளி. தொட்டிகள் வீட்டில் இருந்தவை.

இதே வேலைக்கு ஒரு குத்தகையாளர் (கான்ட்ராக்டர்) 3,800 கேட்டிருந்தார். குத்தகைக்குக் கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. விலைப்பட்டியலில் இந்த ஐந்தும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்: மரத்தின் உயரமும் பையின் அளவும், மண் எத்தனை மூட்டை, கழிவு அகற்றும் கூலி, ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா, செத்தால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள். என்னுடைய முதல் குத்தகையாளர் கடைசி விஷயத்தை வாயால் மட்டும்தான் சொன்னார். தூஜா பழுத்தபோது போன் எடுக்கவில்லை. முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

7. எப்போது நடுவது, எப்படி நடுவது

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை நல்ல நேரம். பின்னேர மழை தொடங்கியிருக்கும், வடகிழக்குப் பருவமழைக்குமுன் வேர் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். டிசம்பர், ஜனவரியில் நாள்கணக்கில் கொட்டும்போது களிமண் குழியில் நட்டால் வேர் அழுகும். பிப்ரவரி வறட்சியில் நட்டால் நீங்கள்தான் குடம் குடமாகச் சுமக்கவேண்டும்.

நடுவதற்கு முந்தைய நாள் ஒரு சோதனை. 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் எங்கள் குழியில் பாதித் தண்ணீர் அப்படியே நின்றது, ஒரு தவளையும் உட்கார்ந்திருந்தது. அப்படி நின்றால் குழி வெட்டி நல்ல மண்ணை நிரப்பி நடுவது கிண்ணத்தில் நடுவது போல. சுற்றிலும் உள்ள களிமண் தண்ணீரை விடாது. குழியின் ஓரங்களைக் கடப்பாரையால் கொத்தி உடைத்து, முழு வரிசையையும் 15 சென்டிமீட்டர் மேடாக்கி, மேட்டின்மேல் நடுங்கள். மண் கலவை மூன்று பங்கு தோட்ட மண், இரண்டு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு மணல்.

குழி வேர்ப்பந்தைப் போல இரண்டு மடங்கு அகலம், ஆழம் பந்தின் அளவே. ஆழமாகப் புதைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. தண்டு விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். பையை முழுசாக உரித்துவிடுங்கள், “தானாக மக்கிவிடும்” என்று சொன்னாலும் உரியுங்கள். நட்ட அன்றே ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டுக்கொம்பு. விடியுமுன் வீசும் சுமத்ராக் காற்று புது மரத்தைச் சாய்த்துவிடும். கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூப் நல்லது, கம்பி தண்டை அறுக்கும். ஆறு மாதத்தில் அவிழ்த்துவிடுங்கள்.

8. முதல் ஆறு மாதம்

மழையில்லாத நாளில் மரத்துக்கு எட்டு லிட்டர், காலையில், வேரடியில். பதினான்கு மரத்துக்கு நாளுக்கு 112 லிட்டர். மாதம் முழுக்க மழையே இல்லையென்றாலும் மூன்றரை கன மீட்டருக்குள். ஒரு கன மீட்டர் 3.24 வெள்ளி என்ற கணக்கில் 11 வெள்ளிதான். தண்ணீர்ச் செலவுக்குப் பயந்து மரத்தைச் சாகவிடவேண்டாம். மழை தூறினாலும் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். மேலே ஈரம், இரண்டு அங்குலத்துக்குக் கீழே வறட்சி என்பது இங்கே அடிக்கடி நடக்கும்.

உரம் முதல் இரண்டு மாதம் வேண்டாம். பிறகு மெதுவாகக் கரையும் குருணை உரம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மரப்பட்டைத் துகளை வேரடியில் பரப்புங்கள், தண்டில் முட்டாமல்.

கொசுதான் பெரிய தலைவலி. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். இலை விழுந்த வடிகால், கவிழ்த்து வைக்காத வாளி, முட்டுக்கொம்பாக ஊன்றிய மூங்கிலின் திறந்த நுனி எல்லாம் ஏடிஸுக்கு வீடு. அந்த மூங்கில் நுனியைச் சோதனைக்கு வந்த சுற்றுப்புற வாரிய அதிகாரிதான் எங்களுக்குக் காட்டினார். நல்ல வேளை, உள்ளே புழு இல்லை. இருந்திருந்தால் 200 வெள்ளி அபராதம். நுனியில் மண்ணை அடைத்துவிடுங்கள், முடிந்தது.

9. வெட்டுவது

வேண்டிய உயரம் வரட்டும், பிறகு வெட்டலாம் என்று காத்திருந்தால் கீழே குச்சியாகிவிடும். ரெட் லிப்பை நட்ட மூன்றாம் மாதத்திலிருந்தே பக்கவாட்டில் நுனி கிள்ளுங்கள். வேலியின் அடி கொஞ்சம் அகலமாகவும் மேலே கொஞ்சம் ஒடுக்கமாகவும் இருக்கும்படி வெட்டினால் கீழ் இலைக்கும் வெயில் படும். எங்களுக்கு இரண்டரை மாதத்துக்கு ஒரு முறை, ஒரு காலைப்பொழுது வேலை. கையால் எட்டாத உயரத்தில் வேலை இருந்தால் ஆளை அமர்த்துங்கள். வீட்டு ஏணியில் ஏறி மின்ரம்பத்தைப் பிடிக்கவேண்டாம். வெட்டிய கிளையை ஏற்றிப்போவதும் கூலியில் சேர்த்தியா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

10. அண்டை வீடு

எல்லையைத் தாண்டி வரும் கிளையை எல்லைக்கோடு வரை வெட்டிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. உங்கள் மனைக்குள் வந்து வெட்டத்தான் கூடாது. பேச்சு முற்றினால் சமூக சமரச நிலையம் இருக்கிறது, அதற்கும் மேலே சமூகப் பூசல் தீர்ப்பு மன்றம். அந்த அளவுக்குப் போகவிடாதீர்கள்.

நடுவதற்கு முன்பே நான் ஒரு தட்டு கேசரியோடு போய் அங்கிளிடம் சொன்னேன்: என்ன மரம், எவ்வளவு உயரத்தில் நிறுத்துவோம், அவர்கள் பக்கம் சருகு விழுந்தால் நாங்களே பெருக்குவோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் சுவரோரம்தான் அவர்களும் படுக்கைவிரிப்பு காயப்போடுகிறார்கள், வெட்டும் நாளை மட்டும் முன்னாலேயே சொல்லவேண்டும். இப்போது வெட்டுவதற்கு முந்தின வியாழக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புகிறேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர்கள் கொடி காலியாக இருக்கும்.